பன்னிரண்டாயிரம் லிட்டர் பொய்

மீன்களைப் புதைத்த இடத்தை நாய் தோண்டிவிடக் கூடாது என்று அதன் மேல் பழைய இரும்புக் கட்டில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

துர்காதேவி கட்டிலருகே நின்று செருப்புக்குள் புகுந்த மணலை உதறினாள். பின்னால் அவளுடைய உதவியாளன் ரிஃபாய், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாம காணாமப் போன மாப்பிள்ளையத் தேடியிருக்கோம். காணாமப் போன ஆட்டுக்கிடாயத் தேடியிருக்கோம். ரெண்டும் ஒரே வீட்டுக் கொல்லையில கெடைச்சுச்சு, அது வேற விசயம். மீன் கொலைக்கு வந்தது இதான் முதல் தடவை."

"மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தலையணைகளில் சாய்ந்தபடி ஹமீதா பானு இருந்தார். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய், பேச்சும் போய்விட்ட அம்மாள். கண்கள் மட்டும் வெளியே, தோட்டத்துக் குளத்தின் மேல் இருந்தன. குளத்தில் தண்ணீர் இருந்தது. மீன் இல்லை.

புதுமடத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த மாடி வீடு சதக்கத்துல்லாவுடையது. சவூதியில், தம்மாமில் பாதி ஆயுளைக் கழித்தவர். மனைவி படுத்த பிறகும் வேலையை விட்டு வர முடியவில்லை. அதற்குப் பதிலாக அங்கிருந்தே போனில் ஆள் பிடித்து, மனைவியின் ஜன்னலுக்கு நேரே குளம் வெட்டி, கருப்பு ஷீட் விரித்து, சிவப்பும் வெள்ளையுமாகக் கெண்டை மீன்களை விடச் செய்தார். அந்த மீன்களைப் பார்க்கும்போதுதான் ஹமீதா பானு வலது கையைத் தூக்குவார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சு அது. இந்த வருடம் சதக்கத்துல்லா ஊரோடு திரும்பி வந்தார். வந்த சில வாரங்களில், ஒரு காலை, மீன் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மோட்டார் கொட்டகையில் ஒரு நீல பாட்டில் கிடைத்தது. தோட்டத்தையும் குளத்தையும் பார்த்துக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணனின் துண்டில் சுற்றி வைத்திருந்தது. சதக்கத்துல்லா அவரை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். போலீசில் எழுதிக் கொடுத்தார். குளத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுக்குக் குடிதண்ணீர் தரும் ஆழ்துளைப் போர் இருந்ததால், விஷம் மீனுக்கா, குடும்பத்துக்கா என்று போலீசும் மூக்கை விடைத்தது. இன்று மாலைக்குள் முத்துகிருஷ்ணனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

துர்காதேவி காலையில் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கேட்ட எல்லாவற்றுக்கும் முத்துகிருஷ்ணன் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"என் கையாலதாம்மா ஊத்துனேன். நான்தான் கொன்னேன்."

"யார் சொல்லி ஊத்துனீங்க?"

"யாரும் சொல்லல."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஒத்துக்கிட்ட ஆளை விடுவிக்கணும்னு நம்மளக் கூப்பிட்டிருக்காங்க" என்றான் ரிஃபாய். "டாக்டர் வந்து பாத்து, செத்துட்டார்னு எழுதிக் குடுத்த பெறகு நாட்டு வைத்தியரைக் கூப்பிடுற மாதிரி."

கூப்பிட்டவள் அப்போதுதான் தேநீர்த் தட்டோடு வந்தாள். சதக்கத்துல்லாவின் மகள் ஹுமைரா. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தூக்கம் இல்லாத கண்கள். உம்மாவைத் தூக்கி இறக்கிக் காய்த்துப்போன தோள்.

"முத்தண்ணன் அப்படிச் செய்யிற ஆள் இல்ல மேடம். எப்படியாவது வெளிய கொண்டாந்துருங்க" என்றாள். "உம்மா அன்னையிலேருந்து கஞ்சியத் தொடல."

"குளம் எவ்வளவு பெருசு?"

"பன்னெண்டாயிரம் லிட்டர்." யோசிக்காமல் வந்தது பதில்.

துர்காதேவி தன் போனைத் திறந்தாள். காலையில் சப்-இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி எடுத்த நீல பாட்டிலின் படம் அதில் இருந்தது. விரலால் பெரிதாக்கினாள்.

"ரிஃபாய், படி."

"மீன் மேல ஒட்டுற பேனுக்கு... ஆயிரம் லிட்டருக்கு இருபத்தஞ்சு மில்லி... அளவு மீறினா மீனுக்கு மூச்சுத் திணறும்." நிமிர்ந்தான். "அக்கா, இது விஷம் இல்ல. மருந்து!"

"மருந்தோ விஷமோ, மீனு செத்துருச்சுல்ல!"

குரல் வராந்தாவிலிருந்து வந்தது. வெள்ளைக் கைலியும் தொப்பியுமாகச் சதக்கத்துல்லா இறங்கி வந்தார். "போர் பக்கத்துல இருக்கு, குளத்துல எந்த மருந்தும் விழக் கூடாதுன்னு நான் வந்த அன்னைக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கேன். சொன்னதுக்கு மாறா ஊத்திட்டு, பாட்டிலைத் துண்டுல சுத்தி ஒளிச்சு வச்சிருக்கான். இதுக்கு மேல என்னத்தம்மா துப்பறியப் போறீங்க?"

"ஒரு கணக்குப் போடப் போறேன்" என்றாள் துர்காதேவி. "பாட்டில் அரை லிட்டர். படத்துல மீதி தெரியுறது இருநூறு. அப்ப ஊத்துனது முந்நூறு. ஆயிரத்துக்கு இருபத்தஞ்சுன்னா, பன்னெண்டாயிரத்துக்கு எவ்வளவு?"

ரிஃபாய் விரல் விட்டான். "முந்நூறு."

"ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கொல்ல நினைக்கிறவன் மூடியால அளந்து அளந்தா ஊத்துவான்? பாட்டிலைக் கவுத்துட்டுப் போயிருக்க மாட்டான்?"

சதக்கத்துல்லா போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"சரியா ஊத்தியிருந்தா ஏன் செத்துச்சு?" என்றார் கடைசியில்.

"அதான் எனக்கும் புரியல."

துர்காதேவி குளத்தைச் சுற்றி நடந்தாள். நீளம் பதினான்கு அடி இருக்கும், அகலம் பத்து. தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் கருப்பு ஷீட் என்பதால் ஆழம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. குளத்தங்கரையில் ஓரமாக இரண்டு தென்னைகள். அவற்றின் பாத்தியில் மண் இன்னும் சேறாகக் கிடந்தது.

"மீனு செத்த பெறகு தண்ணியை மாத்துனீங்களா?"

"மொத்தமா இறைச்சுட்டு, லாரித் தண்ணி விட்டோம்" என்றாள் ஹுமைரா.

"எத்தனை லாரி?"

"ஒண்ணுதான்."

துர்காதேவி திரும்பி ரிஃபாயைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே லாரிக்காரரின் நம்பரை ஹுமைராவிடம் வாங்கிக்கொண்டிருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, சதக்கத்துல்லா காக்கா வீட்டுக்குத் தண்ணி அடிச்சீங்கள்ல? வண்டி எத்தனை லிட்டர்?"

"ஆறாயிரம் தம்பி. ஏன், ஏதும் குறைஞ்சுச்சா? குறைய வாய்ப்பே இல்லையே. குளம் நிரம்பி வழிஞ்சு, மிச்சத்தைத் தென்னைக்கு விட்டுட்டுல்ல வந்தேன்."

ரிஃபாய் போனை வைத்தான். "பன்னெண்டாயிரம் பிடிக்கிற குளம் ஆறாயிரத்துல வழியுது. அக்கா, ஒண்ணு லாரிக்காரர் அற்புதம் பண்ற அவுலியாவா இருக்கணும், இல்ல குளம் பொய் சொல்லணும்."

"அந்தத் துறட்டியை எடு."

தேங்காய் பறிக்கும் நீளமான துறட்டி சுவரில் சாய்ந்திருந்தது. துர்காதேவி அதைத் தலைகீழாகப் பிடித்து, குளத்தின் நட்ட நடுவில் இறக்கினாள். மூன்று அடி ஆழத்தில் தட்டியது. கொஞ்சம் கரைப் பக்கமாக நகர்த்தினாள். இரண்டு அடியில் தட்டியது. இன்னும் கரையோரம் வந்தாள். கணுக்கால் ஆழம்கூட இல்லை.

சுற்றுச்சுவருக்கு வெளியே கடற்கரை. அங்கே இரண்டு பெண்கள் மணலில் தோண்டிய ஊத்தில் நல்ல தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். துர்காதேவி துறட்டியால் அந்தப் பக்கம் காட்டினாள்.

"அந்தக் குழியைப் பாரு. மேல ரெண்டு பேர் உக்காருற அகலம். அடியில ஒரு சட்டி வைக்கிற இடம்தான். ஏன்?"

"நேரா வெட்டுனா மணல் சரியும்ல."

"இங்கனயும் அதே மணல்தான். சுவர் எழுப்பாம ஷீட் மட்டும் விரிச்ச குளம். வெட்டுன ஆளு ஓரத்தைச் சரிச்சுத்தான் வெட்டியிருக்கணும், வேற வழியில்ல. மேல பதினாலுக்குப் பத்து. அடியில ஆறுக்கு மூணுகூடத் தேறாது." அவள் துறட்டியின் நுனியால் மணலில் ஒரு பெட்டி வரைந்தாள். அதற்குள் ஒரு புனல் வரைந்தாள். "பதினாலு, பத்து, மூணு. பெருக்குனா நானூத்தி இருபது கன அடி. கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் சொச்சம். பன்னெண்டாயிரம் வந்துருது. இந்தப் பெட்டிக்கான கணக்கு அது. இங்க இருக்குறது பெட்டியில்ல, புனல். இதுல பாதிதான் பிடிக்கும். ஆறாயிரம்."

ரிஃபாய் மெதுவாகச் சொன்னான்.

"அப்ப முந்நூறு மில்லிங்கிறது..."

"ரெண்டு மடங்கு மருந்து. அதுவும் இந்த வெயில் தண்ணியில. முத்துகிருஷ்ணன் அளவு தப்பல. அவருக்குச் சொன்ன குளம்தான் தப்பு."

ஹுமைராவின் தட்டிலிருந்து தேநீர் கிளாஸ் ஒன்று சரிந்து மணலில் விழுந்தது. அவள் குனியவில்லை. கவிழ்ந்த கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பன்னெண்டாயிரம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் துர்காதேவி.

சதக்கத்துல்லா விறுவிறுவென்று மோட்டார் கொட்டகைக்குப் போனார். பீப்பாய் மாதிரி நின்ற வடிகட்டியின் மேல் தட்டினார். அதன் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது: பன்னிரண்டாயிரம் லிட்டர் குளத்துக்கு ஏற்றது.

"இதை வித்தவன் மஹ்மூது. ராமநாதபுரத்துல மீன்தொட்டிக் கடை வச்சிருக்கான். பெருசைத் தலையில கட்டணும்னு கணக்கைக் கூட்டிச் சொல்லியிருக்கான், ஹராமி. இப்பவே எஸ்.ஐ.க்குப் போன் போடுறேன்."

"கொஞ்சம் பொறுங்க. ஒருத்தரை அடிச்சாச்சு. அடுத்தவரை அடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாரேன்."

சதக்கத்துல்லாவின் கை போனோடு அப்படியே நின்றது.

ஸ்கூட்டர் உச்சிப்புளி தாண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ரிஃபாய் எஞ்சினை அணைத்தான்.

"அக்கா, நம்ம கட்சிக்காரிக்கு ஒடம்பு சரியில்லையோ? குளம் பாதின்னு சொன்னதும் முகம் வெளுத்துப் போச்சு. முத்தண்ணன் தப்பிச்சாருன்னு சந்தோசம்ல வரணும்?"

"நானும் பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் பேசாம வாரீங்களா?"

"அந்த ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பரை ஒருத்தர்தான் படிக்காமயே சொன்னாங்க" என்றாள் துர்காதேவி. "கேட் திறந்துருச்சு. வண்டியை எடு."

மஹ்மூதின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், நீல வெளிச்சம், குமிழிச் சத்தம். மஹ்மூது மெலிந்த ஆள். துர்காதேவி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆறாயிரமா?" என்றார். "நிச்சயமா ஆறாயிரமா?"

"நிச்சயமா. நீங்க ஏன் பன்னெண்டாயிரத்துக்கு வடிகட்டி குடுத்தீங்க?"

"குளத்து அளவைச் சொன்னாங்க, பெருக்கிப் பாத்துக் குடுத்தேன். நம்ம ஊரு வெயிலுக்கு, மீனும் அதிகம்னா, குளத்துத் தண்ணி மொத்தமும் மணிக்கு ஒரு தடவை வடிகட்டி வழியா போய்த் திரும்பணும். பன்னெண்டாயிரம் லிட்டர்னா மணிக்குப் பன்னெண்டாயிரம் தள்ளுற மோட்டார். அதுக்கு ஏத்த பீப்பாய், ஸ்பாஞ்சு, பாசி பிடிக்காம இருக்க யூவி லைட். எல்லாம் அந்தக் கணக்குலதான்."

"ஆறாயிரத்துல அதே மோட்டாரைப் போட்டா?"

மஹ்மூது தரையைப் பார்த்தார். "ஓட்டம் ரெண்டு மடங்கு. மீனுக்கு ஓய்வே இருக்காது. ஓட்டம் இல்லாத மூலையாத் தேடி ஒண்டும். அசந்து போகும். அசந்த மீன் மேலதான் பேன் ஏறும்."

"வாசிங் மெசினுக்குள்ள குடி வச்ச மாதிரி" என்றான் ரிஃபாய்.

"கேலி பண்ணாதீங்க தம்பி. மீனெல்லாம் ஒரே மூலையில ஒண்டுதுன்னு எனக்குப் போன் வந்துச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. குளம் சின்னதோன்னு. நேர்ல போய் ஒரு எட்டு பாத்திருக்கணும். பாத்தா அந்தப் பெரிய வடிகட்டியைத் திரும்ப எடுக்கணும். அதனால வாயை மூடிக்கிட்டேன்." தலையைக் கைகளால் பிடித்துக்கொண்டார். "அல்லா மன்னிக்கட்டும். ஒரு ஆளு லாக்கப்புல இருக்காருன்னு எனக்குத் தெரியாதும்மா."

"போன் பண்ணது யாரு? முத்துகிருஷ்ணனா?"

"அவர் ஏன் பண்றாரு? அந்த வீட்டு மகள். முதல்லேருந்து எல்லாம் அவங்கதான். குளத்து அளவு சொன்னதும் அவங்க. மருந்து வேணும்னு ஆளனுப்பி வாங்குனதும் அவங்க. எத்தனை லிட்டர்னு மறுபடியும் கேட்டேன். அதே பன்னெண்டாயிரம்னாங்க."

"ஓரம் சரிவா, நேரான்னு நீங்க கேக்கவே இல்லையா?"

"கேக்காம இருப்பேனா?" மஹ்மூது நிமிர்ந்தார். "முதல் நாளே கேட்டேன். கடலோரம் ஆச்சே, மணலா இருக்குமே, போய்ப் பாத்துச் சொல்லுங்கன்னேன். உடனே பதில் சொன்னாங்க. நேராத்தான் இருக்குன்னு."

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது ரிஃபாய் தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நம்மளக் கூப்பிட்டதே அவங்கதானே, அக்கா. தன்னைப் பிடிக்கத் தானே ஆள் வைப்பாங்களா?"

"வாயால சொல்ல முடியாதவங்க வைப்பாங்க" என்றாள் துர்காதேவி.

ஹுமைரா உம்மாவின் அறையில் இருந்தாள். ஹமீதா பானுவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். கட்டில் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம் மூடியபடி ஆறிக் கிடந்தது. துர்காதேவி வாசலில் நிற்பதைக் கண்டதும் சீப்பு நின்றது.

"கடைக்காரர் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"உம்மா முன்னாடியே பேசலாம் மேடம். அவங்களுக்குத் தெரியட்டும்." ஆனால் அவள் உம்மாவைப் பார்க்கவில்லை. "வாப்பா வெள்ளிக்கிழமை தவறாம போன் பண்ணுவாங்க. குளம் எப்படி இருக்கு, தண்ணி தெளிஞ்சிருக்கா, மீன் எப்ப வருது. நான் எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல. அன்னைக்கு உம்மாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். உம்மா வழுக்கி என் மேல சாஞ்சுட்டாங்க, தூக்க முடியல. அந்த நேரத்துல கடைக்காரர் போன். ஓரம் சரிவா நேராங்கிறாரு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. உம்மாவை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நேராத்தான் இருக்குன்னு சொல்லி வச்சுட்டேன். எழுந்து போய்ப் பாக்கல. அப்புறமும் பாக்கல. அப்ப தண்ணி விடல, வெறும் குழிதான். இதோ, இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருந்தாக்கூட..."

"மருந்து?"

"மீனு மேல புள்ளி புள்ளியா இருந்துச்சு. உம்மா பாத்துப் பாத்து அழுதாங்க. வாப்பாகிட்ட கேட்டா மருந்து கூடாதும்பாங்க. நான்தான் முத்தண்ணனை ரகசியமா ஊத்தச் சொன்னேன். எத்தனை லிட்டர் பாப்பான்னு கேட்டாரு. சொன்னேன். பாட்டிலை ஒளிச்சு வைக்கச் சொன்னதும் நான்தான்."

"மீன் செத்ததும் ஏன் சொல்லல?"

ஹுமைரா சீப்பில் சிக்கிய முடியை இழுத்து எடுத்தாள்.

"அவர்தான் அளவு தப்பா ஊத்திட்டார்னு நினைச்சேன். இன்னைக்கு நீங்க கம்பைக் குளத்துல விடுற வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அது சாக்கு மேடம். வாப்பா கை ஓங்குனப்ப முத்தண்ணன் என்னைப் பாத்தாரு. ஒரே ஒரு தடவை. நான் சொல்லுவேன்னு நினைச்சாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அடி விழுந்துச்சு. அப்புறம் அவர் என் பக்கம் திரும்பவே இல்ல. போலீஸ்லயும் என் பேரைச் சொல்லல."

ஹமீதா பானுவின் கண்கள் மகளின் முகத்தில் இருந்தன. வலது கை போர்வைக்கு மேல் அசையாமல் கிடந்தது.

"நான் போய்ச் சொன்னாலும் அவர் வெளிய வந்துருவாரு" என்றாள் துர்காதேவி. "நீங்க வந்து சொன்னாலும் வருவாரு. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்குத்தான் வேற வேற."

வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சதக்கத்துல்லா பொறுமை இழந்துவிட்டார். மஹ்மூது மேல் புகார் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஹுமைரா சீப்பைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு ஓடினாள். முக்காடு நழுவியது தெரியாமல் காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"வாப்பா, கடைக்காரர் இல்ல. முத்தண்ணனும் இல்ல. நான்."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. முடித்த பிறகும் விடவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க குளத்தைப் பத்திக் கேட்டீங்க வாப்பா. சொன்னேன். வேற எதையும் நீங்க கேக்கல."

சதக்கத்துல்லா எட்டி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழலில் முத்துகிருஷ்ணனின் மனைவி முருகேஸ்வரி தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கார் நின்றதும் எழுந்தாள். யாரையும் வாங்க என்று சொல்லவில்லை.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் முழுக் கதையையும் கேட்டார். துர்காதேவி மணலில் போட்ட கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு முத்துகிருஷ்ணனை அழைத்து வரச் சொன்னார்.

முத்துகிருஷ்ணன் வந்து நின்றார். ஒரு கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. துர்காதேவி சொன்ன கணக்கு அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப நான் அளந்தது சரியாம்மா?"

"மிகச் சரி" என்றாள் துர்காதேவி.

"மூடியால பன்னெண்டு தடவை. பதட்டத்துல கூட ரெண்டு ஊத்திட்டேனோன்னு நினைச்சு நினைச்சு..." அவர் கைகளை நீட்டிப் பார்த்தார். "அந்த அம்மா பாக்குற மீனு. என் கை கொன்னுருச்சேன்னு ஒரு வாய் சோறு இறங்கல. அப்ப என் கையில தப்பு இல்ல?"

"இல்ல முத்தண்ணே" என்றாள் ஹுமைரா. "என் வாயிலதான்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றார்.

அவ்வளவுதான்.

சதக்கத்துல்லா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "முத்து, வீட்டுக்கு வா. நான்... அன்னைக்கு..." கை எதையோ தேடி அலைந்தது. "வா, பேசிக்குவோம்."

"வாரேங்க. இன்னைக்கு வேணாம்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். இப்படி முடிந்ததில் அவருக்கு நிம்மதி. "நல்லது. ரெண்டு தரப்பும் சமாதானமாப் போயிட்டதாவும், புகாரை வாபஸ் வாங்குறதாவும் எழுதிக்குவோம். சதக்கத்துல்லா ஹாஜியார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மகளெல்லாம் இதுல வரவேணாம். குடும்ப மானம் பாருங்க."

சதக்கத்துல்லா தலையாட்டிக்கொண்டே மேஜைப் பக்கம் நகர்ந்தார்.

"சமாதானம்னு எழுதாதீங்க சார்."

முருகேஸ்வரி வாசல்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"சமாதானம்னா என்ன அர்த்தம்? வெசம் வச்சவனை ஹாஜியார் பெரிய மனசு பண்ணி விட்டுட்டாருன்னுதான ஊரு சொல்லும்? எங்க பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டுலயே இப்ப வெசக்காரன் மகள்னு பேசுறாக. நீங்க நாலு சொவத்துக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டுக் கார்ல போயிருவீக. நாங்க பஸ்ஸுல போகணும்."

ரிஃபாய் துர்காதேவியைப் பார்த்தான். துர்காதேவி ஹுமைராவைப் பார்த்தாள்.

"சரி, விடும்மா, அதெல்லாம் நாளடைவுல..." என்று ஆரம்பித்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எழுதுங்க சார்" என்றாள் ஹுமைரா. "நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். அந்தக் காகிதத்துல ஒரு நகல் அவங்ககிட்ட குடுங்க. யாரு கேட்டாலும் காட்டட்டும்."

"ஹுமைரா!" சதக்கத்துல்லா மேஜையிலிருந்து திரும்பினார். "நாளைக்கு ஊருக்குள்ள உன் பேரு..."

"அவர் பேரு மட்டும் கிடக்கட்டுமா, வாப்பா?"

அவர் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்த பெஞ்சின் மறுமுனையில்தான் முத்துகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து சதக்கத்துல்லா நகர்ந்து இடம் விட்டார். முத்துகிருஷ்ணன் உட்காரவில்லை.

முருகேஸ்வரியும் உள்ளே வந்து கணவனுக்குப் பக்கத்தில் நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவதற்காக நின்றாள்.

ரைட்டர் புதுத் தாளை எடுத்து வைத்தார். "முதல்லேருந்து சொல்லுங்கம்மா."

ஹுமைரா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். குரல் அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"குளம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லச் சொன்னாங்க. நான் எழுந்து போய்ப் பாக்கல."